கைபேசியில் சுருக்கச் சொற்கள்: நம் விண்ணப்பத்தை நாமே எழுதுதல்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

‘கல்வியின் பயன்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைக் கேட்டுக்கொண்டனர். அப்பொருளில் எம்மினும் நன்கு பேசவல்லார் இம்மேடையில் உளர். ஆதலின் அதனுள் அடங்கிய மிகச் சிறியதொரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம். உங்கள் சட்டைப்பையிலும் கைப்பையிலும் இருக்கின்ற கைபேசியில், இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டி முழு வாக்கியத்தையும் வரவழைப்பது எப்படி என்பதே அச்செய்தி. இதற்கோ ஒரு தலைமையாசிரியர் மேடையேற வேண்டும் என்று பின்வரிசையில் சிலர் புன்னகைப்பது தெரிகின்றது. சற்றுப் பொறுத்திருங்கள்.

எமக்குப் பதினான்கு வயது நடந்த காலம். கல்வி உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும் என்று பள்ளியிற் கூறிவிட்டனர். எம் தந்தையார் ஒருநாட் கூலியை இழந்து எம்மைத் தாலுகா அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றார். அலுவலக வாயிலில் மரத்தடியில் மனு எழுதுவோர் நால்வர் வரிசையாக அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் எம் தந்தையாரின் பெயரையும் ஊரையும் மட்டும் கேட்டார். மற்றவற்றை அவரே விரைவாக எழுதி முடித்தார். தந்தையார் காசைக் கொடுத்துத் தாளைப் பெற்று, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக இரு கைகளாலும் ஏந்திச் சென்று உள்ளே கொடுத்தார்.

ஒரு திங்கள் கழித்து அம்மனு திரும்பி வந்தது. மேலே எம் ஊர்ப்பெயர் இருந்தது. கீழே பிறிதோர் ஊர்ப்பெயர் இருந்தது. எமக்கு முன்னால் வந்தவருக்கு எழுதிய மனுவைப் பார்த்தே அவர் எமக்கும் எழுதியிருக்கின்றார். ஓரிடத்தில் ஊரை மாற்ற மறந்துவிட்டார். அதற்குள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நாள் கடந்துவிட்டது. அவ்வாண்டுச் செலவுக்கு வீட்டிலிருந்த ஆடுகளுள் ஒன்று சந்தைக்குப் போயிற்று.

அந்த மனு எழுதியவர்மீது எமக்கு இன்று சினமில்லை. நாளொன்றுக்கு எத்தனை பேருக்கு அவர் எழுதினாரோ! எம்மை இன்றளவும் உறுத்துவது வேறு. எமக்கு அப்போது எழுதப் படிக்க நன்றாகத் தெரியும். தமிழில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எமதே. அத்தாள் எம் தந்தையாரின் கையிலேயே இருந்தது. அதனை வாங்கி ஒருமுறை படித்துப் பார்க்க எமக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் துணிவு வந்திராது. எழுதுவது அவர்கள் வேலை, கைநாட்டு வைப்பது நம் வேலை என்று பல தலைமுறைகளாக நம் உடம்பில் ஊறியிருந்த அச்சம் அது.

சுருக்கி எழுதும் கலை நம் நாட்டுக்குப் புதியதன்று. பழைய நிலப் பத்திரங்களையும் கணக்கு ஏடுகளையும் பார்த்தோர் அறிவர். நாள் என்பதற்கு ௳, மாதம் என்பதற்கு ௴, ஆண்டு என்பதற்கு ௵, பற்று என்பதற்கு ௶, வரவு என்பதற்கு ௷, மேற்படி என்பதற்கு ௸ என்று ஒவ்வொரு குறி இருந்தது. கணக்கு எழுதுவோர் ஒரே சுழிப்பில் ஒரு சொல்லை முடித்துவிடுவர். அக்குறிகள் அனைத்தும் இன்று யூனிக்கோடு எழுத்துத் தொகுதியில் இடம்பெற்றிருக்கின்றன. முயன்றால் உங்கள் கைபேசியிலும் வரவழைக்கலாம். எம் பாட்டனார் பெருவிரல் ரேகை வைத்துக் கொடுத்த கடன் சீட்டு ஒன்று எம் வீட்டுப் பெட்டியில் நெடுநாள் கிடந்தது. எழுத்தறிந்த எமக்கே அதனைப் படிக்க இயலவில்லை. பற்று எது, வரவு எது என்று குறியறிந்த முதியவர் ஒருவர் சொல்லித்தந்த பின்னரே விளங்கிற்று. எழுதுவோனுக்கு விரைவைத் தந்த அதே குறி, ரேகை வைத்தவனுக்குச் சுவராக நின்றது.

தந்தி நிலையத்திலும் இவ்வழக்கம் இருந்தது. திருமண வாழ்த்து, பண்டிகை வாழ்த்து முதலியவற்றுக்குரிய வாசகங்களுக்கு எண்கள் கொடுத்திருந்தனர். நாம் எண்ணைக் குறித்துக் கொடுத்தால் போதும். அங்கே முழு வாசகமாகச் சென்று சேரும். 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தந்திப் பணி நிறுத்தப்பட்டது. அந்த எண்முறையின் மறுபிறவியே இன்று நாம் சொல்லப் போவது. ஒரே வேறுபாடு, வாசகத்தையும் எண்ணையும் முன்பு அரசு வகுத்தது. இப்போது நீங்களே வகுத்துக்கொள்ளலாம். அவ்வேறுபாடு சிறிதன்று.

நிற்க. செய்முறைக்கு வருவோம். கைபேசியில் ஆங்கிலப் பெயர்களே பெரும்பாலும் காணப்படுவதால் அவற்றை அப்படியே சொல்கின்றோம். ஆண்ட்ராய்டு கைபேசியில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை வைத்திருப்போர், அவ்விசைப்பலகையின் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று, டிக்ஷனரி என்பதையும் அதனுள் பர்சனல் டிக்ஷனரி என்பதையும் திறக்க வேண்டும். எம்மொழிக்கு என்று கேட்கும், தமிழைத் தேர்ந்துகொள்க. கூட்டற்குறியைத் தொட்டால் இரண்டு கட்டங்கள் தோன்றும். மேற்கட்டத்தில் முழு வாசகத்தையும், ஷார்ட்கட் என்னும் கீழ்க்கட்டத்தில் அதற்குரிய சுருக்கத்தையும் இடவேண்டும். பின்னர் எங்கே எழுதினாலும், அச்சுருக்கத்தைத் தட்டியவுடன் விசைப்பலகையின் மேலுள்ள பட்டையில் முழு வாசகம் தோன்றும். அதனைத் தொட்டால் வந்து அமரும். ஐபோன் வைத்திருப்போர் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு என்னும் வரிசையில் சென்று டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மெண்ட் என்பதைத் திறக்கலாம். வேறு விசைப்பலகை வைத்திருப்போர் ஒரு சொல்லை மட்டும் முதலில் இட்டுச் சோதித்துப் பார்த்துக்கொள்க. மளிகை, தையல் எனச் சிறுதொழில் நடத்துவோர் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியிலுள்ள குயிக் ரிப்ளைஸ் என்பதையும் கேட்டறியலாம். அது நம் பொருளுக்கு வெளியே உள்ளது.

சுருக்கத்துக்கு எவ்வெழுத்துகளைத் தேர்வது? இதில் நாமே ஒருமுறை இடறினோம். மாவட்ட ஆட்சித் தலைவருக்கு எழுதும் தொடக்க வரிக்கு ‘மனு’ என்பதையே சுருக்கமாக வைத்திருந்தோம். பின்னொரு நாள் எம் தம்பிக்கு, ‘மனு கொடுத்தாயா?’ என்று செய்தி அனுப்பப் புகுந்து, பட்டையில் விரல் பட்டதைக் கவனியாது விட்டோம். ‘மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம் கொடுத்தாயா?’ என்று போய்ச் சேர்ந்தது. ‘அண்ணன் சொன்னால் கொடுத்துவிட்டு வருகின்றேன்’ என்று அவர் மறுமொழி விடுத்தார்.

வழக்கிலுள்ள சொல்லைச் சுருக்கமாக வைக்கலாகாது என்பது அன்று விளங்கிற்று. அப்போது நன்னூல் கைகொடுத்தது. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் எவை என்று நம் மாணவர்கள் மனனம் செய்கின்றார்கள் அல்லவா? ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. இவற்றுள் டீயும் ரயிலும் லாரியும் விதியை மீறி உள்ளே வந்துவிட்டன. ழகர வாயிலிலோ அன்றாட வழக்குச் சொல் எதுவும் நுழையவில்லை. ஆகவே எம் சுருக்கங்கள் அனைத்தையும் ழகரத்தில் தொடங்குகின்றோம். ஒருபோதும் வேறொரு சொல்லோடு மோதுவதில்லை. இலக்கணம் எதற்குப் பயன்படும் என்று ஒன்பதாம் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு மாணவனாவது கேட்பதுண்டு. இப்போது எமக்கு ஒரு விடை கிடைத்திருக்கின்றது.

இனி எவ்வாசகங்களைச் சேர்த்து வைப்பது என்பது. ‘காலை வணக்கம்’, ‘பிறந்தநாள் நல்வாழ்த்துகள்’ என்பவற்றுக்கு வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் நம் தெருவுக்கு வேறு வாசகங்கள் தேவைப்படுகின்றன. ‘தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 6(1) பிரிவின்கீழ்’ என்று ஒருமுறை எழுத, எழுத்து, புள்ளி, கொம்பு, இடைவெளி எல்லாம் சேர்த்து ஐம்பதுக்கு மேற்பட்ட முறை விரல் தட்ட வேண்டும். எம்மிடம் அது ‘ழத’. அதே சட்டத்தின் 6(2) பிரிவு, தகவல் கேட்பவர் அதற்கான காரணத்தைக் கூற வேண்டியதில்லை என்கின்றது. ‘உனக்கு எதற்கு இந்த விவரம்?’ என்னும் கேள்வியை எதிர்கொள்ளாத நம்மவர் இலர். எனவே அப்பிரிவைச் சுட்டும் வாக்கியத்துக்கு ‘ழகா’. முப்பது நாளுக்குள் விடை தரப்பட வேண்டும் என்னும் 7(1) பிரிவுக்கு ‘ழமு’. விடை வாராதபோதும் வந்த விடை நிறைவளியாதபோதும் முப்பது நாளுக்குள் செய்ய வேண்டிய முதல் மேல்முறையீட்டுக்கு, 19(1) பிரிவைச் சுட்டி, ‘ழமே’.

இன்னொரு சட்டத்தின் முழுப்பெயரைக் கேளுங்கள். பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமைகள் தடுப்பு)ச் சட்டம், 1989. நம்மைக் காக்க வந்த சட்டத்தின் பெயரை நம்மில் எத்தனை பேர் பிழையின்றி எழுதுவோம்? பதற்றத்தில் இருப்பவன், அடிபட்ட தம்பியை மருத்துவமனையிற் கிடத்திவிட்டு வாயிலில் நின்று கைபேசியில் எழுதுபவன், எப்படி எழுதுவான்? ‘எஸ்.சி. சட்டம்’ என்று எழுதி அனுப்புவான். அதுவும் செல்லும். ஆயினும் முழுப்பெயரும் பிரிவும் உள்ள மனுவைக் கையில் வாங்கும் அலுவலர், எழுதியவன் சட்டமறிந்தவன் என்று கண்டு சற்று நிமிர்ந்து அமர்வதை நாம் நேரிற் கண்டிருக்கின்றோம். 2018-இல் அச்சட்டத்திற் சேர்க்கப்பட்ட 18அ பிரிவு, முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வதற்கு முன்விசாரணை தேவையில்லை என்கின்றது. 2020-இல் உச்ச நீதிமன்றமும் அப்பிரிவை நிலைநிறுத்திற்று. ‘விசாரித்துவிட்டுப் பிறகு பதிகின்றோம்’ என்று சொல்லப்படும் இடத்தில் நினைவுக்கு வரவேண்டிய வரி அது. நள்ளிரவில், அச்சத்தில், எவருக்கும் பிரிவெண் நினைவுக்கு வருவதில்லை. இரண்டு எழுத்து வரும்.

விண்ணப்பம் எழுதுதல் நமக்கு வழிவழி வந்த செயல் என்பதை இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டுகின்றோம். 1893-ஆம் ஆண்டிலேயே இரட்டைமலை சீனிவாசனாரின் முயற்சியால், மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட விண்ணப்பம் இலண்டன் நாடாளுமன்றத்துக்குச் சென்றது. இந்தியக் குடிமைப் பணித் தேர்வுபற்றி நம் மக்கள் கருத்தைக் கூறிய விண்ணப்பம் அது. கைபேசி ஏது, தட்டச்சுப் பொறிதான் எத்தனை பேரிடம் இருந்தது? ஒவ்வோர் ஒப்பத்துக்கும் யாரோ ஒருவர் யாருடைய வாயிலுக்கோ நடந்திருக்க வேண்டும்.

இனி, எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியவை உள்ளன. இவற்றைச் சொல்லவே இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டோம்.

எம்மிடம் படித்த இளைஞர் ஒருவர், தம் தெருவினரின் இடுகாட்டுப் பாதை அடைக்கப்பட்டதுபற்றி மனு அனுப்பினார். வாசகம் நன்றாயிருந்தது. அவ்வாசகத்தை அப்படியே பக்கத்துத் தெருவினர்க்கும் அனுப்பி, சேமித்துக்கொள்ளச் சொன்னார். நாற்பது வீடுகளிலிருந்து நாற்பது மனுக்கள் போயின. எழுத்துக்கு எழுத்து ஒன்றே. அவற்றுள் பலவற்றில் முதல் இளைஞரின் தெருப்பெயரே நின்றது. நாற்பதையும் ஒன்றாகக் கட்டி, ஒரே விடை கொடுத்து முடித்துவிட்டனர். அச்செய்தி கேட்டபோது எமக்கு அந்தப் பழைய மரத்தடி நினைவுக்கு வந்தது. அன்று பிறர் நமக்குச் செய்த பிழையை இன்று நமக்கு நாமே செய்துகொள்கின்றோம்.

எனவே முழு மனுவையும் ஒரு சுருக்கத்தில் அடைக்காதீர்கள். வாக்கியம் வாக்கியமாகச் சேமியுங்கள். மாறக்கூடிய இடங்களில், அதாவது பெயர், ஊர், நாள், அலுவலகம் வரும் இடங்களில், மூன்று உடுக்குறிகளை இட்டுச் சேமியுங்கள். நிரப்பாமல் விட்டால் அவை கண்ணைக் குத்தும். பிறர் ஊர்ப்பெயர் கண்ணைக் குத்தாது, அதுதான் தீங்கு. எல்லாவற்றிலும் மேலாக, நடந்தது என்ன என்று கூறும் பகுதிக்குச் சுருக்கமே கிடையாது. எந்நாள், எந்நேரம், யார் நின்றார், என்ன சொன்னார், யார் பார்த்தார் என்பவற்றை உங்கள் சொற்களில், பேச்சுத்தமிழ் கலந்தாலும் குற்றமில்லை, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டியே எழுதுங்கள். சட்டத்தின் பெயருக்குச் செலவாகும் நேரத்தை மிச்சப்படுத்துவது இப்பகுதிக்குச் செலவிடுவதற்காகத்தான்.

மற்றொன்று. சேமித்த வாசகம் பழையதாகிவிடும். முதல் தகவல் அறிக்கைக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-ஆம் பிரிவு என்று நெடுங்காலம் எழுதிவந்தோம். 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள்தொட்டு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023 என்னும் புதுச்சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் அஃது 173-ஆம் பிரிவு. காவல் நிலையத்தில் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதும் உரிமையும் அப்பிரிவிலேயே, நான்காம் உட்பிரிவில் உள்ளது. சட்டம் மாறி நெடுநாள் சென்றும் எம் கைபேசி பழைய எண்ணையே கக்கிக்கொண்டிருந்தது. சட்டம் பயிலும் ஒரு மாணவி சுட்டிக்காட்டிய பின்னரே திருத்தினோம். கைபேசிக்குச் சட்டம் தெரியாது. நாம் இட்டதைத் தரும், அவ்வளவே. ஆண்டுக்கொருமுறை, தைப் பொங்கலுக்கு வீடு வெள்ளையடிப்பதுபோல, அப்பட்டியலையும் ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.

வங்கிக் கடவுச்சொல்லையும் ஆதார் எண்ணையும் சுருக்கமாக வைப்பாரும் உளர். வேண்டா. நம் வீடுகளில் ஒரே கைபேசியை அண்ணனும் தங்கையும் அம்மாவும் மாறிமாறி எடுக்கின்றனர். கடையில் பழுதுபார்க்கவும் கொடுக்கின்றோம். இரண்டு எழுத்தைத் தட்டியவர் எவராயினும் அவ்வெண் வெளிப்படும். பெண் மக்களுக்கு இதனை அழுத்திச் சொல்கின்றோம். பொதுக் கைபேசியில், தாம் பிறரறிய விரும்பாத எதனையும் அவர்கள் சேமிக்கலாகாது.

கைபேசி தொலைந்தால் எல்லாம் போய்விடுமே என்று முன்வரிசையிலுள்ள பெரியவர் ஒருவர் காலையில் எம்மைக் கேட்டார். தக்க கேள்வி. ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ கொடுத்து ஒரு சிறு குறிப்பேடு வாங்கி, சுருக்கத்தை இடப்பக்கமும் வாசகத்தை வலப்பக்கமும் கையால் எழுதிவையுங்கள். எம்மிடம் அத்தகைய ஏடு ஒன்றுண்டு. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் விளங்கிக்கொள்ளும்படி, ஒவ்வொரு சுருக்கத்துக்கும் நேரே முழுப்பொருளும் அதில் இருக்கின்றது. எம் பாட்டனாரின் கடன் சீட்டை எழுதியவர் அதனைச் செய்யவில்லை.

தட்டச்சுப் பயிலகத்துக்கு நாள்தோறும் நடந்து சென்று லோயர், ஹையர் தேறி எழுத்தர் பணி பெற்றவர்கள் நம்மிடையே உளர். விரல் விரைவால் குடும்பத்தை நிமிர்த்தியவர்கள் அவர்கள். அவர்களுள் இருவர், நம் கழகத்தின் மாலை வகுப்பில், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் மனு எழுதப் பயிற்றுவிக்க இசைந்துள்ளனர். அவர்களுக்குக் கைபேசி சற்றுப் புதிது. உங்களுக்கு மனுவின் நடை புதிது. ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுங்கள்.

இக்கூட்டம் முடிந்ததும், நூலக அறையில் நம் கல்லூரி மாணவர்கள் மூவர் அமர்ந்திருப்பர். கைபேசியைக் கொண்டு செல்வோருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்ட வாசகங்கள் நான்கையும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் முழுப்பெயரையும் எவ்வாறு இடுவதெனக் காட்டுவர். அவர்கள் காட்டுவார்களே அன்றி இட்டுத் தரமாட்டார்கள், அவ்வாறே சொல்லிவைத்திருக்கின்றோம். இட்டு முடித்தபின் ஒவ்வொருவரும் தாம் இட்டதை அவர்கள்முன் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அறையில் மின்னிணைப்பு இரண்டே உள்ளன. ஆதலின் மின்னேற்றம் குறைந்தவர்கள் முதலில் செல்க.